ஹனி விஸ்கி: வொர்த்தா, இல்லையா?

 

ரொம்ப நாளா இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்விக்கு இன்னைக்கு பதில் சொல்லப்போறேன். "ப்ரோ, அமெரிக்காவுல இருந்து ஃப்ரெண்ட் வர்றான், டூட்டி ஃப்ரீல ஹனி விஸ்கி வாங்கிட்டு வரச் சொல்லவா? வொர்த்தா?"

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். தமிழ்நாட்டுல குடிக்க சட்டப்படி 21 வயசு ஆகியிருக்கணும். அடுத்தது, நீங்க குடிக்காத ஆளா இருந்தா இந்த எபிசோடைக் கேட்டுட்டு ஆரம்பிக்காதீங்க. உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்ல, சத்தியமா.

சரி, என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். அதை விஸ்கின்னு நினைச்சு வாங்கினா வொர்த் இல்ல. அது என்னன்னு தெரிஞ்சு, அதுக்கேத்த மாதிரி குடிச்சா பரவாயில்லை. ஆனா புதுசா குடிக்கிற ஒருத்தருக்கு "இது லைட்டா இருக்கும்"னு சொல்லி ஊத்திக் கொடுக்க மட்டும் வாங்காதீங்க. கடைசி விஷயத்தை நான் அனுபவப்பட்டுத்தான் கத்துக்கிட்டேன். அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல பாட்டில்ல என்ன இருக்குன்னு பார்ப்போம்.

நிறைய பேர் நினைக்கிறது, நல்ல விஸ்கியில கொஞ்சம் தேன் விட்டுக் கலக்கியிருப்பாங்கன்னு. அப்படி இல்ல. ஜாக் டேனியல்ஸ் டென்னஸி ஹனியை எடுத்துக்கோங்க. 2011ல வந்தது. அது விஸ்கியும் ஹனி லிக்யூரும் கலந்த கலவை. கவனிங்க, லிக்கர் இல்ல, லிக்யூர். இனிப்பும் ஃப்ளேவரும் சேர்த்த மது வகைக்குப் பேர் லிக்யூர். ஐரோப்பாவில ஒரு பாட்டில் மேல லிக்யூர்னு போடணும்னா பொதுவா லிட்டருக்கு குறைஞ்சது 100 கிராம் சர்க்கரை இருக்கணும். கணக்கு போட்டா 60 மில்லி பெக்ல 6 கிராம். அதாவது ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை, குறைஞ்சபட்சமா.

ஆல்கஹாலும் குறைவு. நம்ம ஊர் விஸ்கி பாட்டில்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும், பார்த்திருப்பீங்க. டென்னஸி ஹனி 35 சதவீதம். வைல்ட் டர்க்கியோட அமெரிக்கன் ஹனி 35.5. இந்த வைல்ட் டர்க்கி கம்பெனி தேன் லிக்யூரை 1976லயே கொண்டு வந்துட்டாங்க. அதனால இது நம்ம தலைமுறைக்காகக் கண்டுபிடிச்ச சரக்குன்னு நினைக்க வேண்டாம். 2010க்கு அப்புறம் ஆளாளுக்கு ஒரு ஹனி பாட்டில் இறக்கினதுதான் புதுசு.

இதுல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தா சுவாரஸ்யமா இருக்கும். அமெரிக்காவில ஸ்ட்ரெய்ட் போர்பன்னு லேபிள் போட்டா அதுல கலரோ ஃப்ளேவரோ எதுவும் சேர்க்கக் கூடாது. ஃப்ளேவர் சேர்த்தா அது ஃப்ளேவர்ட் விஸ்கின்னு தனி வகை. அதுக்கு 30 சதவீதம் ஆல்கஹால் இருந்தாலே போதும். ஸ்காட்லாந்து இன்னும் கறார். 2009ல வந்த ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைப்படி தண்ணியும், நிறத்துக்காக வெறும் கேரமலும் மட்டும்தான் சேர்க்கலாம். ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஒரு சொட்டு தேன் விட்டாலும் அதுக்கு மேல அதை ஸ்காட்ச் விஸ்கின்னு விக்க முடியாது.

இத்தனைக்கும் அந்த ஊருக்குத் தேனும் விஸ்கியும் புதுசு இல்ல. அத்தோல் ப்ரோஸ்னு ஓட்ஸ், தேன், விஸ்கி மூணும் சேர்த்து ஒரு பழைய பானம் அங்க உண்டு. டிராம்புயின்னு ஒரு லிக்யூர், ஸ்காட்ச்ல ஹெதர் பூத்தேனும் மூலிகையும் சேர்த்தது. 1746ல கலோடன் போர்ல தோத்து தப்பிச்சு ஓடின இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட், அடைக்கலம் கொடுத்தவங்களுக்கு நன்றியா இந்த ரெசிபியைக் கொடுத்தார்னு ஒரு கதை சொல்லுவாங்க. கதை உண்மையோ இல்லையோ, பாட்டில் நல்ல பாட்டில். 40 சதவீதம். யாரும் அதை விஸ்கின்னு சொல்லி விக்கிறதும் இல்ல. லிக்யூர்னு நேர்மையா எழுதியிருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

இன்னொரு வேடிக்கை. தேனே சேர்க்காத விஸ்கியிலயும் தேன் வாசனை வரும். ஈஸ்ட் சர்க்கரைக் கரைசலைப் புளிக்க வைக்கும்போது எஸ்டர்னு சொல்ற வாசனைப் பொருட்கள் உருவாகுது. அதுல சிலது தேன், ரோஜா வாசனை உள்ளது. அப்புறம் ஓக் பீப்பாய்ல இருந்து வெனிலா வாசனை சேரும். ரெண்டும் சேர்ந்தா நம்ம மூக்கு "தேன்"னு சொல்லும். டால்வின்னி 15 வருஷம்னு ஒரு சிங்கிள் மால்ட், அதைக் குடிக்கிற எல்லாரும் முதல்ல சொல்றது இந்தத் தேன் வாசனையைத்தான். ஆனா நாக்குல இனிப்பு ஒட்டாது. உங்களுக்குத் தேன் வாசனைதான் பிடிக்கும், திகட்டல் வேண்டாம்னா அந்தப் பக்கம் போங்க.

சரி, டேஸ்ட் எப்படி?

ஹனி விஸ்கியை ராவா, ரூம் டெம்பரேச்சர்ல குடிச்சா எனக்கு இருமல் டானிக் ஞாபகம்தான் வருது. முதல் வாய் நல்லா இருக்கும். மூணாவது வாய்ல திகட்டிடும். நல்லா ஐஸ் போட்டா தேவலை. ஏன்னா குளிர்ச்சியில நாக்குக்கு இனிப்பு கம்மியா தெரியும். உருகின ஐஸ்க்ரீமைக் குடிச்சுப் பாருங்க, தாங்க முடியாத இனிப்பா இருக்கும். அதே லாஜிக். பாதி எலுமிச்சம்பழம் பிழிஞ்சா இன்னும் சரியாகும். ஆகமொத்தம் இதுக்குத் தேவை புளிப்பும் குளிர்ச்சியும்.

ஒரு நாள் வீட்ல ஒரு சோதனை பண்ணினோம். ஒரு கிளாஸ்ல ஹனி விஸ்கி, ஐஸ், எலுமிச்சை. இன்னொரு கிளாஸ்ல சாதாரண போர்பன், நாங்களே செஞ்ச தேன் பாகு, ஐஸ், எலுமிச்சை. எது எதுன்னு சொல்லாம ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கொடுத்தேன். ரெண்டாவதுதான் ஜெயிச்சுது. காரணம் சிம்பிள். அதுல தேன் எவ்வளவுன்னு நாங்க முடிவு பண்றோம். பாட்டில்ல அதை கம்பெனி முடிவு பண்ணிட்டாங்க, குறைக்க வழியில்ல.

அந்த ரெசிபி இதுதான். தேன் ஒரு பங்கு, வெந்நீர் ஒரு பங்கு, கலக்கி ஆற வைங்க. தேனை நேரா விஸ்கியில விடாதீங்க. ஐஸ் பட்டதும் இறுகி கிளாஸ் அடியில போய் உட்கார்ந்துக்கும். 60 மில்லி போர்பன், 20 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி தேன் பாகு, ஐஸ் போட்டு குலுக்கி வடிகட்டுங்க. இதுக்குப் பேர் கோல்ட் ரஷ். நியூயார்க்ல மில்க் அண்ட் ஹனின்னு இருந்த ஒரு பார்ல 2000களின் தொடக்கத்துல பிறந்த காக்டெயில். மூணே பொருள். ஹனி விஸ்கி கொடுக்கிறேன்னு சொல்ற எல்லாத்தையும் இது கொடுக்கும், திகட்டலைத் தவிர.

இப்போ அந்த அனுபவத்துக்கு வர்றேன்.

மூணு வருஷம் முன்னாடி. எங்க டீம்ல புதுசா ஒரு பையன் சேர்ந்தான். அவன் அனுமதி வாங்கித்தான் இதைச் சொல்றேன். ஒரு ரிலீஸ் முடிஞ்சு என் ஃப்ளாட்ல எல்லாரும் கூடினோம். அவன் ஓரமா கோக் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். "அண்ணா, எனக்கு அந்த வாசனையே ஆகாது"ன்னான். நான் பெரிய இவன் மாதிரி ஒரு ஹனி பாட்டிலை எடுத்து, "டேய், இதைக் குடிச்சுப் பாரு, தேன்தான். ஜூஸ் மாதிரி இருக்கும்"னு ஊத்திக் கொடுத்தேன்.

அவனுக்குப் பிடிச்சிருந்தது. ஜூஸ் மாதிரியேதான் குடிச்சான். அடுத்து அவனே ஊத்திக்கிட்டான். யாரும் எண்ணலை. ஏன் எண்ணணும், லைட் சரக்குதானேன்னு ஒரு நினைப்பு. ஒரு மணி நேரத்துல நாலு பெக் உள்ள போயிருக்கு. காத்து வாங்கிட்டு வர்றேன்னு மாடிப்படியில இறங்கினவன் உருண்டு விழுந்தான். தாடை கிழிஞ்சு அஞ்சு தையல்.

மறுநாள் அவங்க அம்மா ஊர்ல இருந்து எனக்கு போன் பண்ணினாங்க. "தம்பி, நீங்க கூட இருந்ததால ஆச்சு. இல்லன்னா என் பையன் என்ன ஆகியிருப்பானோ"ன்னாங்க. அவன் வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லி வச்சிருந்தான். நானும் "ஆமாம்மா, படியில தண்ணி இருந்துச்சு"ன்னு சொன்னேன். அந்த நன்றியை வாங்கிக்கிட்டு போனை வச்சது இன்னும் உறுத்துது.

அப்புறம் உட்கார்ந்து கணக்கு போட்டேன். முன்னாடியே போட்டிருக்க வேண்டிய கணக்கு. 60 மில்லி, 42.8 சதவீதம்னா சுமார் 20 கிராம் ஆல்கஹால். அதே 60 மில்லி 35 சதவீதத்துல சுமார் 16.5 கிராம். ஒரு பெக்குக்கு வித்தியாசம் வெறும் 4 கிராம்தான். நாலு பெக்னா 66 கிராம். சாதாரண விஸ்கியில மூணு பெக்குக்கு மேல. வாழ்க்கையில முதல் முறையா குடிக்கிறவனுக்கு, ஒரு மணி நேரத்துல. இதுல லைட் எங்க இருக்கு?

சாதாரண விஸ்கி கொடுத்திருந்தா அவன் நாலு குடிச்சிருக்க மாட்டான். முதல் வாய்லயே முகத்தைச் சுளிச்சு வச்சிருப்பான். அந்த எரிச்சலுக்கு ஒரு காரணம் இருக்கு. நம்ம வாய்லயும் தொண்டையிலயும் சூட்டை உணர ஒரு ஏற்பி உண்டு. மிளகாய் சாப்பிட்டா எரியுதே, அதே ஏற்பிதான். சாதாரணமா 42 டிகிரி பக்கம் வந்தாத்தான் அது கத்தும். ஆல்கஹால் பட்டா அந்த வரம்பு 34 டிகிரி வரை இறங்கிடும். நம்ம உடம்புச் சூடே 37. அதனால சொந்தச் சூடே சுடுது.

நம்ம பாஷையில சொன்னா அது ஒரு ரேட் லிமிட்டர். மெதுவா போ, மெதுவா போன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். ஹனி விஸ்கியில ஆல்கஹால் கொஞ்சம் குறைச்சு, சர்க்கரை நிறைய சேர்த்ததும் அந்தச் சத்தம் கேட்காம போயிடுது. ஆனா ரத்தத்துக்குப் போற லோடு பெருசா குறையலை. இது நமக்குப் புதுசா என்ன? கசப்பு மருந்தை தேன்ல குழைச்சுக் கொடுக்கிற வைத்தியம் நம்ம பாட்டி பண்ணினதுதான். சித்த மருத்துவத்துல அதுக்கு அனுபானம்னு பேரே இருக்கு. நாக்கை ஏமாத்தி உள்ள அனுப்பத் தேன் மாதிரி ஒண்ணு கிடையாது. பாட்டி ஏமாத்தினது மருந்துக்காக, அதுவும் அளவு பார்த்து. நான் அளவே பார்க்கலை.

அதனால என் தீர்ப்பு இது. ஏற்கனவே விஸ்கி ரசிச்சுக் குடிக்கிற ஆளா இருந்தா, அந்தக் காசுக்கு ஒரு நல்ல போர்பனும், ஒரு பாட்டில் நல்ல தேனும் வாங்குங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் இனிப்பா ஒண்ணு வேணும்னா டிராம்புயி 30 மில்லி, ஐஸ் போட்டு. ஹனி விஸ்கி பாட்டில் ஏற்கனவே வீட்ல இருந்தா தூக்கிப் போட வேண்டாம். ஐஸ், எலுமிச்சை, ஜிஞ்சர் ஏல் அல்லது சோடா போட்டு நீட்டிக் குடிங்க. ஆனா ஊத்தும்போது அளவுக் கிளாஸ் கையில இருக்கணும். தொண்டை எண்ணாத பானத்தை நாமதான் எண்ணணும். வண்டி சாவியை முதல்லயே வேற ஆள்கிட்ட கொடுத்துடுங்க. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே சட்டப்படி குற்றம். ஜூஸ் மாதிரி இருந்துச்சு சார்னு சொன்னா போலீஸ் விடமாட்டாங்க.

யாராவது "எனக்கு அந்த வாசனை ஆகாது"ன்னு சொன்னா, அதை ஒரு பிரச்சினையா எடுத்துக்கிட்டு தீர்த்து வைக்கப் போகாதீங்க. கோக் இருக்கு, மோர் இருக்கு, அதைக் கொடுங்க.

அந்தப் பையன் இப்போ வேற கம்பெனியில இருக்கான். இந்த எபிசோடைப் பத்தி சொன்னதும் "அண்ணா, தையல் போட்ட இடத்துல தாடியே முளைக்க மாட்டேங்குது, அதையும் சொல்லிடுங்க"ன்னான். சொல்லிட்டேன்டா.

அடுத்த வாரம் பார்ப்போம். வீட்டுக்குப் பத்திரமா போய்ச் சேருங்க.