கடலிலிருந்து மும்பை

ஊரிலிருந்து உறவினர் வந்தால்தான் நாம் குடியேறிய நகரத்தைச் சுற்றிப் பார்க்க நமக்கும் நேரம் வாய்க்கிறது. மும்பையில் வாழும் தமிழர்கள் அவ்விருந்தினரைத் தவறாமல் அழைத்துச் செல்லும் இடம் கேட்வே ஆப் இந்தியா. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1911ஆம் ஆண்டில் வந்திறங்கியதன் நினைவாக எழுப்பப்பெற்று, 1924இல் நிறைவெய்திய வளைவு அது. அதன் வழியாகவே 1948 பிப்ரவரி 28ஆம் நாள் பிரிட்டிஷ் படையின் கடைசிப் பிரிவு வெளியேறிக் கப்பலேறிற்று.

அங்கிருந்து எலிபெண்டாவுக்குச் செல்லும் லாஞ்சை நேயர்கள் அறிவீர்கள். பிறந்த நாள், அறுபதாங் கல்யாணம் போன்ற வைபவங்களுக்குச் சொகுசுப் படகு ஒன்றையே மணிக்கணக்கில் தனியாக அமர்த்திக்கொள்ளும் வழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்க நமக்கு மனமில்லை. கடலை நம்பி வளர்ந்த நகரம் தன் முகத்தைக் கடலில் இருப்பவனுக்கே முழுமையாகக் காட்டும். துறைமுகம் நகரின் கிழக்கே இருப்பதால், மாலையில் படகிலிருந்து திரும்பிப் பார்த்தால் கதிரவன் நகரத்துக்குப் பின்னே இறங்குவான். வளைவும், 1903இல் திறக்கப்பட்ட தாஜ்மகால் ஓட்டலின் கோபுரங்களும் கருநிழலாய் நிற்கும். சில குடும்பங்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டால் அக்காட்சி எட்டாக் கனியன்று.

ஆனால் மெரைன் டிரைவின் விளக்கு வரிசையைக் கடலிலிருந்து காணலாம் என்று எண்ணிப் பணம் கட்டுவோர் பலர். அச்சாலையோ நகரின் மேற்குக் கரையில் உள்ளது. கொலாபா முனையையும், 1875இல் கட்டப்பட்ட பிராங்ஸ் கலங்கரை விளக்கத்தையும் சுற்றித் திறந்த கடலுக்குச் சென்றாலன்றி அது கண்ணுக்குப் படாது. ஒரு மணி நேர வாடகையில் இது நடவாது. ஆகவே எவ்வழியே செல்லும், எங்கே திரும்பும் என்பதைப் பேரம் பேசும்போதே கேட்டுவிடுவோம். கரையிலிருந்து படகுக்குச் செல்லும் நேரமும் வாடகைக் கணக்கில் சேருமா என்பதையும் கேட்போம்.

ஏனெனில் பெரிய படகு பெரும்பாலும் சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டிருக்கும். சிறு படகொன்று நம்மை அங்கே கொண்டு சேர்க்கும். தடுமாற்றம் நேர்வது அப்படி ஏறி இறங்கும்போதுதான். சென்னையில் கடலின் ஏற்றவற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டர். மும்பையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது சில சமயம் 4 மீட்டரையும் கடக்கும். நீர் வற்றிய வேளையில் பாசி படிந்த கீழ்ப்படிகள் வெளிப்பட்டு நிற்கும். முதியோரை அழைத்துச் செல்பவர்கள் பஞ்சாங்கத்தோடு கடல் ஏற்றவற்ற அட்டவணையையும் பார்த்து நேரம் குறிப்பது நன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். அப்போது இவ்வாசையை ஒத்திவைப்பதே முறை.

மெத்தை, இசை, சிற்றுண்டி பற்றியெல்லாம் படகுக்காரர் தாமே சொல்லுவார். அவர் சொல்லாததை நாம் கேட்க வேண்டும். பதிவுச் சான்றும் ஆய்வுச் சான்றும் உண்டா? அவற்றில் எத்தனை பயணிகளுக்கு அனுமதி? 2024 டிசம்பர் 18ஆம் நாள் இதே துறையிலிருந்து எலிபெண்டாவுக்குப் புறப்பட்ட பயணிகள் படகின்மீது, இயந்திரச் சோதனையில் ஈடுபட்டிருந்த கடற்படையின் விரைவுப் படகு கட்டுப்பாடிழந்து மோதிற்று. மோதலுக்குப் பயணிகள் காரணமல்லர். எனினும் 84 பயணிகளுக்கு அனுமதி பெற்ற படகில் நூறு பேருக்கு மேல் இருந்தனர். பலர் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்கவில்லை. பதினைந்து உயிர்கள் போயின.

நம் வீட்டு விசேஷங்களில் கடைசி நேரத்தில் நான்கு பேர் கூடுவது இயல்பு. கல்யாணப் பந்தியில் இலை ஒன்று கூடப் போடலாம்; படகில் கூடாது. கைக்குழந்தையையும் ஒரு தலையாகவே எண்ணுவோம். உயிர்காப்புச் சட்டை இருக்கையின் அடியில் இருக்கிறது என்ற பதிலை ஏற்காமல், குழந்தைகளுக்கேற்ற சிறிய அளவு உண்டா என்று எடுத்துப் பார்ப்போம். பட்டுப் புடவை கசங்கும் என்று பாட்டி மறுப்பார். புகைப்படம் எடுத்துக்கொள்வதைக் கரையிலேயே முடித்துவிட்டு, சிறு படகில் கால் வைக்குமுன் அவருக்கும் சட்டையை மாட்டிவிடுவோம்.