கைக்குழந்தையும் ஷிப்டு வேலையும்
(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றி நாம் கூடும்போதெல்லாம் பேசுகிறோம். அவை இன்றியமையாதவையே. ஆயினும் நம் கூட்டங்களில் அநேகமாக எழாத கேள்வி ஒன்று உண்டு. தாய் வேலைக்குச் சென்ற பின் கைக்குழந்தையை யார் பார்த்துக் கொள்வது என்பதே அது.

திண்டுக்கல், கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து பெண்கள் பலர் நூற்பாலைகளுக்குச் செல்கின்றனர். ஷிப்டு எட்டு மணி நேரம் என்றால், போக்குவரத்தும் சேர்ந்து பத்து மணி நேரம் ஆகிவிடுகிறது. பிற்பகல் 2 மணி ஷிப்டுக்குத் தாய் 1 மணிக்கே புறப்பட வேண்டும். தந்தை வயலிலிருந்து திரும்ப மாலை 6 மணி ஆகும். இடையிலுள்ள ஐந்து மணி நேரத்திற்குக் குழந்தைக்கு ஆளில்லை. நாள் முழுவதற்கும் ஆயா வைத்துக்கொள்ள அக்குடும்பத்திற்கு வசதியுமில்லை, தேவையுமில்லை. வேண்டியது அந்த ஐந்து மணி நேரத்திற்கு ஒரு நம்பிக்கையான கை மட்டுமே.

அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அங்கே எடை பார்க்கிறார்கள். வீட்டுக்குச் சத்துமாவு கொடுக்கிறார்கள். ஆனால் குழந்தையை விட்டுச் செல்லும் ஏற்பாடு பொதுவாக இல்லை. ஆலையின் கடமையும் உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே குழந்தைக் காப்பகத்தை வற்புறுத்தியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்து தர வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம். இவ்வுரிமையைக் கேட்டுப் பெறுதல் அவசியம். எனினும் விடியற்காலையில் சிசுவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது எல்லோருக்கும் இயலாது.

ஆகவே என்ன நடக்கிறது? மூத்த பெண் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிடுகிறாள். பத்து வயதுச் சிறுமி இடுப்பில் தம்பியைச் சுமந்து வாசலில் நிற்பதை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். செலவில்லாத காவல் என்று வீட்டார் நினைக்கின்றனர். உண்மையில் அதைவிடச் செலவு மிகுந்த காவல் வேறில்லை. அதன் விலை அச்சிறுமியின் படிப்பு. 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி அவளது உரிமை என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

இதற்கு ஊரார் கூடிச் செய்யத்தக்க வழி ஒன்றைச் சொல்கிறேன். முற்பகல் 8 முதல் 1 வரை, பிற்பகல் 1 முதல் 6 வரை என இரண்டு பொழுதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து பொழுதுக்கு ஒருவராக, அனுபவமுள்ள இரு பெண்களை அமர்த்துங்கள். ஒருவர் பொறுப்பில் நான்கு கைக்குழந்தைகளுக்கு மேல் வேண்டாம். உதாரணமாக, ஒரு பொழுதுக்கு 300 ரூபாய் கூலி என்றால், நான்கு குழந்தைகளுக்கு ஆளுக்கு 75 ரூபாய் ஆகிறது. ஷிப்டு மாறும் தாய், தான் விட்டுச் சென்ற பொழுதுகளுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும். அதுவும் கனமாக இருக்கும் வீட்டுக்குக் குழு நிதியிலிருந்து உதவலாம். இடத்தை ஊராட்சி கொடுத்தால் வாடகையும் மிச்சம்.

கர்நாடக அரசு கிராம ஊராட்சிகளில் 4,000 காப்பகங்கள் அமைப்பதாக 2023இல் அறிவித்தது. அங்கன்வாடியோடு காப்பகமும் நடத்தும் ‘பால்னா’ திட்டத்தை மத்திய அரசு 2022இல் கொண்டு வந்தது. நம் ஊருக்கு அது கிடைக்குமா என்று குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

காப்பகத்தில் சில விதிகள் கண்டிப்பாக வேண்டும். குழந்தையை மல்லாத்தித் தூங்க வைக்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறு எதுவும், தண்ணீர்கூட, தரலாகாது. தாய் பீய்ச்சி வைத்த பாலை நம் வெயிலில் நெடுநேரம் வெளியே வைக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் தடவுதல் கூடாது. தொட்டியும் கிணறும் மூடியிருக்க வேண்டும். யார் வந்து குழந்தையை அழைத்துச் செல்லலாம் என்பதை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இரவு ஷிப்டுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. இரவில் குழந்தை தன் வீட்டாரிடமே இருக்கட்டும்.

விவசாயிகளான சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தை தாய்க்கு மட்டும் உரியதன்று. வயல் வேலை குறைந்த நாட்களில் தந்தையும் ஒரு பொழுது பார்த்துக்கொள்வது இழுக்கல்ல.

மே முதல் நாள் தொழிலாளர் தினம். அன்று கிராம சபையும் கூடுகிறது. அதற்குள் உங்கள் ஊரில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை, அவர்களுடைய தாய்மார்களுக்கு எந்த எந்த ஷிப்டு, தம்பி தங்கையைப் பார்க்கப் பள்ளியை விட்டு நின்ற சிறுமிகள் எத்தனை என்று கணக்கெடுங்கள். அந்தக் கணக்கைச் சபையில் படித்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். சிறுமிகளின் இடுப்பிலுள்ள பாரத்தை இறக்கி, அவர்கள் கையில் புத்தகத்தைக் கொடுப்பது நம் எல்லோருடைய கடமை.