பொருட்காட்சிசாலையும் கிராமவாசிகளும்

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்தப்பட்ட பிரசங்கம்)



சென்னை எழும்பூரிலுள்ள அரசாங்கப் பொருட்காட்சிசாலைக்குப் பாமர ஜனங்கள் இட்ட பெயர் "செத்த காலேஜ்" என்பது. உயிருள்ள மிருகங்கள் இருந்த தோட்டம் "உயிர் காலேஜ்" எனப்பட்டது. வேடிக்கைப் பெயராயினும் "காலேஜ்" என்பது பொருத்தமே. எழுத்தறியாதவரும் கண்ணாற் கண்டு கற்கத்தக்க கலாசாலை அது.

இச்சாலை 1851-ம் வருஷம் டாக்டர் எட்வர்ட் பால்பர் என்பவர் பொறுப்பில் நுங்கம்பாக்கத்தில் ஆரம்பமாயிற்று. ஆதியில் அதற்குக் கிடைத்தவை சுமார் 1,100 கல், தாது மாதிரிகளே. 1854-ல் அது எழும்பூருக்கு மாற்றப்பட்டது.

பாதுகாப்பார் இல்லாவிடில் நேரும் நஷ்டத்திற்கு, கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள அமராவதி சாட்சியாகும். அங்கிருந்த பௌத்த ஸ்தூபத்தை 1797-ல் காலின் மெக்கன்ஸி துரை கண்டபோது, ஜனங்கள் கட்டட வேலைக்காக மேட்டைத் தோண்டிக் கற்களை எடுத்துவந்தனர். அருமையான சிற்பங்கள் பல சூளையில் சுண்ணாம்பாயின. கெடுக்கும் எண்ணம் எவருக்கும் இல்லை. மதிப்பு அறியாமையே காரணம். தப்பியவற்றுள் பல எழும்பூரிலும், பல லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன.

இதில் கிராமவாசிகளுக்கும் பங்குண்டு. எழும்பூரிலுள்ள செப்புத் திருமேனிகளுள் பல, நம் நாட்டுக் கிராமங்களில் மண்ணைத் தோண்டும்போது அகப்பட்டவையே. அவ்விதம் ஏதேனும் கிடைத்தால், சர்க்கார் வெறுமனே பறித்துக்கொள்ளும் என்றஞ்சிச் சிலர் உருக்கி எடைக்கு விற்றுவிடுகின்றனர். இவ்வச்சம் தவறு. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்துமூலம் அறிவிக்கவேண்டும் என விதித்தது. சர்க்கார் அப்பொருளை எடுத்துக்கொண்டால் உலோகத்தின் கிரயத்துடன் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் எனவும் ஏற்படுத்திற்று. மறைத்தவரோ தம் பாத்தியதையை இழப்பதோடு தண்டனைக்கும் உள்ளாவர்.

ஆகையால் மண்வெட்டியில் விக்கிரகமோ, காசோ, பழம்பானையோ தட்டுப்பட்டால் வேலையை நிறுத்துக. புளியிட்டுத் தேய்த்தல் கூடாது. கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு உடனே அறிவிக்க. இடம் தெரியாத பொருள் பாதி சரித்திரத்தை இழந்ததாகும்.

சங்கத்தின் சேமநிதியைத் தம் பங்கென எந்த அங்கத்தினரும் பிரித்தெடுத்துச் செல்ல இயலாது. பின்வருவோர்க்கும் அது ஆதாரம். பொருட்காட்சிசாலையும் தேசத்தின் சேமநிதியே. அடுத்த சங்கக் கூட்டத்தில் இச்செய்தியை அங்கத்தினர் யாவரும் அறியச் செய்வது பெரும் உபகாரமாகும்.