ஈறு நோயும் புட்டி மருந்தும்



ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் காவிரித் தண்ணீரைக் கொப்பளித்தாலே வாய் சுத்தமாகிவிடும் என்று கருதுகிறவர்கள் உண்டு. ரிஷிகள் சொன்ன மூலிகை என்று புட்டி வாங்குகிறவர்களும், சீமைச் சரக்கு என்று புட்டி வாங்குகிறவர்களும் உண்டு. மூவரையும் நாம் கேட்பது ஒன்றேயாகும்: ருசு என்ன?

1965-ல் டென்மார்க் தேசத்தில் 12 பேர் வேண்டுமென்றே பல் விளக்குவதை நிறுத்திப் பார்த்தார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழன்றது. மறுபடி விளக்கியதும் ஆறிற்று. ஆகவே இந்நோய்க்குக் காரணம் தலைவிதியுமல்ல, கிரகமுமல்ல. பல்லில் படியும் அழுக்கும் அதிலுள்ள கிருமியுமேயாகும்.

அவ்வழுக்கைக் குளோர்ஹெக்சிடின் தடுக்கும் என்பது 1970-லேயே ருசுவாயிற்று. ஆனால் நாட்பட உபயோகித்தால் பல்லில் கறை ஏறும். நாக்குச் சுவை மாறும். வேம்பும் திரிபலையும் சில சிறு சோதனைகளில் பலன் தந்திருக்கின்றன. பெரிய, நீண்ட சோதனைகள் இன்னும் குறைவே. அன்றியும், 1879-ல் அமெரிக்காவில் பிறந்த லிஸ்டரினில் உள்ள தைமால் நம் ஓமத்திலும் இருப்பதுதானே! அப்படியானால் மருந்திலும் ஜாதி பார்ப்பானேன்?

எந்தத் தண்ணீரும் பல்லில் கல்லாய் இறுகிய காறையைக் கரைக்காது. அதைப் பல் வைத்தியர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். அலட்சியம் செய்தால் எலும்பு கரைந்து பல் ஆடி விழும்; பிறகு வயதாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக் கொள்ளுவோம்.

ஈற்றில் இரத்தம் கண்டால் இரண்டு வேளையும் விளக்குங்கள்; புகையிலையை விடுங்கள்; வைத்தியரிடம் காட்டுங்கள். நாம் சொல்லுகிறோமென்று நம்ப வேண்டாம். செய்து பார்த்து நம்புங்கள்.