மூன்று வாய்ப்பு



பால் வாளியும் செம்பனைக் குலையும் தூக்கிய நமக்குப் பாரம் புதிதல்ல. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில், 77 கிலோ பிரிவில், மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்டு கோஸ்டில் தொடைக் காயத்தோடு 317 கிலோ தூக்கினார். மீண்டும் தங்கம்!

பளுதூக்கும் முறைகள் இரண்டு; ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு. தவறினால் அதே எடையை மறுபடி தூக்கலாம். குறைத்துக் கேட்க முடியாது.

அய்யா, அம்மா! பிள்ளை ஒரு பரீட்சையில் தவறினால், "படிச்சது போதும், வேலைக்குப் போ" என்று சொல்லிடாதீங்க. முதல் தூக்கில் தவறியவனை யாரும் மேடையிலிருந்து விரட்டுவதில்லை. மறு வாய்ப்புக் கொடுங்க. எடையைக் குறைக்காதீங்க, பிள்ளையைப் பலப்படுத்துங்க.