புதிய கணனியும் பழைய ஏடும்



இலக்கிய நிகழ்ச்சியில் கணனிக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் நினைக்கக்கூடும். இன்று மலையகத்தில் ஒரு கவிதையாயினும், சிறுகதையாயினும், பாடசாலைச் சஞ்சிகையாயினும், தவணைப் பரீட்சை வினாத்தாளாயினும், அது கணனி வழியாகவே வெளியே வருகிறது. முன்னர் கையெழுத்துப் பிரதி இருந்தது. பின்னர் தட்டச்சுப் பொறியும் றோணியோவும் வந்தன. அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்துத் தந்த தொழிலாளர் இருந்தனர். அவர்கள் எல்லோருடைய இடத்திலும் இப்போது ஒரேயொரு பெட்டி அமர்ந்திருக்கிறது. ஆகவே அந்தப் பெட்டியின் நலமும் நோவும் நமது எழுத்தின் நலமும் நோவும் ஆகிவிட்டன.

"வாங்கி மூன்று மாதமில்லை, சேர்! அதற்குள் நடக்கமாட்டேன் என்கிறது." பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் ஆசிரியர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் முறைப்பாடு இது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய்த் தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். திரையில் அந்தச் சிறு வட்டம் அப்போதும் சுழன்றுகொண்டிருக்கும். சில நாட்களில் வட்டத்தோடு ஒரு கட்டளையும் வரும்: மேம்படுத்தல் நடைபெறுகிறது, கணனியை நிறுத்த வேண்டாம் என்று. விடிந்தால் கொடுக்க வேண்டிய வினாத்தாள் உள்ளே, ஆசிரியர் வெளியே. தோட்டத்தில் நிறை குறைந்த நாளுக்கு அரைப்பேர் போடுவார்கள். இந்தப் பொறிக்கோ முழுச் சம்பளத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, அரைப்பேர் வேலைக்கும் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த முன்பணம் எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2021இல் 1,000 ரூபாவாக இருந்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு மடிக்கணனி ஒன்றரை இலட்சம் ரூபா என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணக்கில் அது 111 நாள் கொழுந்து. பல்கலைக்கழகம் செல்லும் மகனுக்கோ மகளுக்கோ அதை வாங்கிக் கொடுக்கும் தாய், ஏறக்குறைய நான்கு மாதம் மலையேறி இறங்கியதை அந்தப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கிறாள். அது நடக்கவில்லை என்றால் நட்டம் பணத்தோடு முடிவதில்லை.

புதிய பொறி ஏன் மெதுவாக நடக்கிறது? சூத்திரம் எளியது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளம் ஓடுவதற்குக் குறைந்தது 64 மெகாபைட் நினைவகம் போதுமென்று சொல்லப்பட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11 குறைந்தது 4 கிகாபைட் கேட்கிறது. இருபது ஆண்டுகளில் அறுபத்து நான்கு மடங்கு! எழுதும் தமிழோ அன்றும் இன்றும் அதே 247 எழுத்துத்தான். மலிவான மடிக்கணனிகள் பல இந்தக் குறைந்தபட்ச அளவோடு, அல்லது அதற்குச் சற்றே மேலாகக் கடைக்கு வருகின்றன. இயங்குதளம், நச்சுநிரல் காவல், விற்பவர் முன்கூட்டியே ஏற்றிவைத்த செயலிகள், பின்னணியில் ஓடும் மேம்படுத்தல் ஆகிய அத்தனையும் ஏறிய பிறகே நமது கட்டுரைக்கு இடம் கிடைக்கிறது. நமுனுகுலை ஏற்றத்தில் நிறைபாரத்தோடு ஏறும் லொறியில், கடைசியாகத் தொற்றிக்கொண்ட பயணி நாம். சுவிற்சர்லாந்தின் கணனி அறிஞர் நிக்லாஸ் வேர்த் 1995இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்: பொறிகள் விரைவுபெறும் வேகத்தைவிட மென்பொருள்கள் பாரமாகும் வேகம் அதிகம் என்பது அவர் எழுதியதன் சாரம்.

இத்தனைக்கும் மேலே நமது மலைகளின் கதை வேறு. 2021இல் பாடசாலைகள் மூடியிருந்த வேளையில், லுணுகலைப் பகுதி மாணவர்கள் மலையுச்சியில் மரத்தின்மேல் கட்டிய குடிலுக்கு ஏறிச் சமிக்ஞை பிடித்துப் பாடம் படித்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. ஒரு மேம்படுத்தல் பல கிகாபைட் அளவிலும் இருக்கக்கூடும். நகரத்தில் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுவது, லயத்து வாசலில் இரண்டு இரவு எடுக்கும். 'தானாகவே நடக்கும்' என்று எழுதிவைத்தவர், எந்த ஊரை மனத்தில் வைத்து அதை எழுதினார் என்று கேட்கத் தோன்றுகிறது.

நேயர்களே, வேகக் குறைவை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கட்டாயம். 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளியானபோது, பழைய பதிப்பு வைத்திருந்தோரின் திரைகளில் 'மாறுங்கள், மாறுங்கள்' என்ற அழைப்பு ஓயாமல் வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு பயண முகவர், தமது அனுமதியின்றியே கணனி மாறத் தொடங்கி வேலைக்கு உதவாமற் போய்விட்டது என்று வழக்குத் தொடுத்தார். அவருக்கு வழங்கப்பட்ட 10,000 டொலர் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டை 2016இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் கைவிட்டது. அந்தப் பத்தாம் பதிப்புக்கே 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி தவணை முடிந்தது. அடுத்த பதிப்புக்குப் போகலாம் என்றால், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும், பெரும்பாலும் 2017இன் பின்னர் வந்த செயலியும் வேண்டும். நல்ல நிலையில் ஓடுகின்ற 24 கோடி கணனிகள் வரை இதனால் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023இல் மதிப்பிட்டது. ஓராண்டுப் பாதுகாப்பு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டபோது, ஐரோப்பியப் பொருளாதார வலயத்தவருக்கு அது இலவசமாயிற்று. ஏனையோருக்கு 30 டொலர் கட்டணம், அல்லது கணனியின் அமைப்புகளை நிறுவனத்தின் இணையக் கணக்கில் சேமித்தல் போன்ற நிபந்தனைகள் இருந்தன. குரல் எழுப்ப அமைப்புள்ள நாட்டுக்கு ஒரு நியாயம், இல்லாத நாட்டுக்கு இன்னொரு நியாயம் என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய பாடமன்று.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மேம்படுத்தல் அனைத்தும் தேவையற்றவை அல்ல. 2017 மே மாதத்தில் 'வன்னாகிரை' என்ற நச்சுநிரல் உலகெங்கும் பரவி, பிரித்தானிய அரசாங்க வைத்தியசாலைகளையும் தடுமாறச் செய்தது. அதற்கான தடுப்பு இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியாகியிருந்தது. அதை ஏற்றாத கணனிகளே பெரிதும் அகப்பட்டன. ஆகவே ஓட்டையை அடைக்கும் திருத்தம் வேண்டியதே. ஆனால் கூரையின் ஓட்டையை அடைப்பது வேறு. 'வீட்டையே இடித்துக் கட்டுகிறோம், அதுவரை வெளியே நில்லுங்கள்' என்பது வேறு. காலத்துக்கேற்ற மாற்றம் குற்றமன்று என்று நன்னூலார் இலக்கணமே வகுத்திருக்கிறார். அவர் ஏற்றுக்கொண்டது காலம் கொண்டுவரும் மாற்றத்தை. நள்ளிரவில் கேளாமல் வரும் மாற்றத்தை அன்று.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். இந்த மாற்றங்களால் நமக்கு நேரும் பெரிய ஆபத்து, கணனி மெதுவாவது அன்று. நமது பழைய எழுத்து குப்பைபோலத் தோற்றமளிப்பது.

இலங்கையில் நீண்டகாலமாகத் தமிழ்த் தட்டச்சு என்றாலே பாமினி எழுத்துருத்தான். அதன் சூட்சுமம் என்னவென்றால், கணனி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளை. மேலே தமிழ் முகமூடி போட்டிருக்கும். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணனியின் ஏட்டில் பதிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி ஆகியவையே. பாமினி ஏற்றப்படாத ஒரு புதிய கணனியிலோ கைத்தொலைபேசியிலோ அதைத் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் பக்கம் பக்கமாக நிற்கும்.

ஒருங்குறி எனப்படும் யுனிகோட் முறை அப்படியன்று. 1991இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கெனத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 பதிப்பில் லதா என்ற எழுத்துருவோடு அது மேசைக்கு வந்தது. பின்னைய பதிப்புகளில் லதாவும் பின்வரிசைக்குப் போய், வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளும் துணை எழுத்துருவாகிவிட்டது. ஆனாலும் லதாவில் எழுதியது கெடுவதில்லை. ஒருங்குறியில் முகம் மாறினாலும் எழுத்து எழுத்தாகவே இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எனது மாணவிகள் சிலர், தங்கள் தோட்டத்து மூதாட்டி ஒருவரிடமிருந்து தாலாட்டும் ஒப்பாரியுமாக முப்பதுக்கு மேற்பட்ட பாடல்களை எழுதிவந்து, பாமினியில் தட்டச்சிட்டார்கள். அந்தப் பாட்டி பின்னர் காலமானார். தட்டச்சிட்ட கணனியும் பழுதானது. அண்மையில் அவர்களில் ஒருத்தி, அந்தக் கோப்பைத் தன் புதிய மடிக்கணனியில் திறந்துவிட்டு என்னை அழைத்தாள். "சேர், எல்லாம் கெட்டுப்போயிற்று. அழித்துவிடட்டுமா?" என்று கேட்டாள். "பிள்ளை, ஒன்றும் கெடவில்லை. தொடாதே. அப்படியே அனுப்பு" என்றேன். மாற்றி எடுத்தபோது பாட்டியின் பாடல்கள் ஒரு சொல்லும் குறையாமல் வந்தன. அவள் கேளாமல் அழித்திருந்தால்? அந்தப் பாடல்களை மீண்டும் கேட்டு எழுத இனி ஆளில்லை.

இன்று நான் சொல்ல வந்த செய்தி இதுவே. புரியாமல் தெரியும் பழைய கோப்பு பெரும்பாலும் கெட்டுப்போனதன்று. உடை மாறிய தமிழ். தோட்டப் பாடசாலைகளில், வாசகர் வட்டங்களில், கோயில் மலர்க் குழுக்களில், 'பழுதான கோப்பு' என்று எத்தனை கதையும் கவிதையும் அழிக்கப்படும் அபாயத்தில் இருக்கும் என்று எண்ணும்போது மனம் பதைக்கிறது.

தமிழுக்கு இந்த நிலை முன்பும் வந்திருக்கிறது. ஏடு செல்லரித்தது, பெயர்த்தெழுதியவர்கள் இருந்தவரை நூல் பிழைத்தது. ஏடு போய் அச்சு வந்தபோது, ஆறுமுக நாவலரும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் ஏட்டிலிருந்து தாளுக்குப் பெயர்த்துத் தந்ததை மட்டுமே நாம் இன்று எளிதாகப் படிக்கிறோம். தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியிராவிட்டால் நமது உயர்தர வகுப்பு எவ்வளவு வறுமைப்பட்டிருக்கும்! தேயிலை மலைகளில் காற்றோடு போய்க்கொண்டிருந்த பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். நமது ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் நூலானது. அந்தப் பிரதியை இன்றும் எந்த நிறுவனத்தின் அனுமதியுமின்றித் திறந்து படிக்கலாம். அதற்கு மேம்படுத்தல் வேண்டாம். விளக்கு வெளிச்சம் போதும்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பழைய கோப்புகளை அழிக்காமல் முதலில் இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு ஒருங்குறிக்கு மாற்றுங்கள். சுரதா உருவாக்கிய 'பொங்குதமிழ்' போன்ற இலவச மாற்றிகள் இதற்கென்றே இருக்கின்றன. மாற்றியதைக் கண்ணால் வாசித்துச் சரிபார்க்க வேண்டும். இடையிலே ஆங்கிலத்தில் எழுதிய பெயர்களையும் அது தமிழ் உளறலாக்கிவிடும். மாற்றிய பின்னரும் மூலக் கோப்பை வைத்திருங்கள். முக்கியமானதைத் தாளில் அச்சிடுங்கள். வெளியான மலர்களையும் சஞ்சிகைகளையும், 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' எண்ணிம நூலகம் போன்ற இடங்களில் சேர்ப்பிக்கலாம். புதிதாகக் கணனி வாங்குவோர் பெயரையும் நிறத்தையும் பார்க்கமுன், 8 கிகாபைட் நினைவகமும் எஸ்எஸ்டி சேமிப்பகமும் உண்டா என்று கேளுங்கள். தவணை முடிந்தது என்று ஒதுக்கப்பட்ட பழைய பொறியில் லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால், கட்டுரை எழுதவும் வினாத்தாள் தயாரிக்கவும் அது இன்னும் சில காலம் உழைக்கும்.

கணனியை எப்போது மாற்றுவது என்பதை எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் தீர்மானிக்கலாம். எதை வைத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் இன்னும் நம் கையில் இருக்கிறது. எத்தனையோ துரைமார் வந்தார்கள், கொம்பனிகள் கைமாறின, செக்ரோல் புத்தகங்கள் மாறின. பாட்டு மட்டும் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி நின்றது. அதைப் பொறியிடம் ஒப்படைத்த தலைமுறை நாம். பொறி கைமாறும்போது பாட்டையும் எடுத்துக்கொண்டு இறங்குவது நமது பொறுப்பு. இந்த வார இறுதியில் ஒரு பழைய கோப்பையாவது திறந்து பாருங்கள்.