மன்னிச்சா மட்டும் போதுமா?

விளாங்குடியில இருந்து பேசுறேன். இன்னைக்கு ஒரு நேயர் அனுப்பின கேள்வியை எடுத்துக்கலாம். பேர் வேண்டாம்னு சொல்லியிருக்கார். கேள்வி இதுதான்: "எனக்குக் கெடுதல் செஞ்ச எல்லாரையும் நான் மன்னிச்சிட்டேன். கிறிஸ்தவ நம்பிக்கைப்படி எனக்கு இரட்சிப்பு கிடைக்க அது போதுமா?"

இந்தக் கேள்வியை ரெண்டு விதமான ஆட்கள் கேட்பாங்க. ஒருத்தர் நிம்மதிக்காகக் கேட்கிறவர். சர்ச்சுக்கு ஒழுங்கா போறதில்லை, ஆனா யார் மேலயும் வன்மம் வச்சுக்கிட்டதில்லை, அது போதாதான்னு நினைக்கிறவர். இன்னொருத்தர் பயத்துல கேட்கிறவர். எவ்வளவோ முயற்சி பண்ணியும் ஒரு ஆளை மட்டும் மன்னிக்க முடியல, அப்போ எனக்கு மோட்சம் இல்லையான்னு தூக்கம் வராம கிடக்கிறவர். ரெண்டு பேருக்கும் சேர்த்தே பேசுவோம். நான் கோட் எழுதுற ஆள், போதகர் இல்லை. அதனால தீர்ப்பு சொல்ல வரல. அந்த நம்பிக்கைக்குள்ள இந்தக் கேள்விக்கு என்ன பதில் இருக்குன்னு மட்டும் பார்க்கலாம்.

முதல்ல ஒரு சொல் விஷயம். நம்ம மதுரையிலயே நரிமேடு சிஎஸ்ஐ கதீட்ரல்ல கேட்டீங்கன்னா 'இரட்சிப்பு'ன்னு சொல்லுவாங்க. கீழவெளி வீதி தூய மரியன்னை பேராலயத்துல கேட்டா 'மீட்பு'ன்னு சொல்லுவாங்க. அங்க 'கிருபை', இங்க 'அருள்'. சொல் வேற, பேசுற விஷயம் ஒண்ணுதான்: பாவத்துல இருந்து விடுதலையாகி மனுஷன் கடவுளோட சேருறது. நான் ரெண்டு சொல்லையும் மாத்தி மாத்திப் பயன்படுத்துவேன், குழம்பிக்காதீங்க.

இந்தக் கேள்வி எங்க இருந்து முளைக்குது? இயேசு சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபத்துல இருந்துதான். நாங்க மத்தவங்களை மன்னிக்கிற மாதிரி எங்களையும் மன்னியும்னு அதுல ஒரு வேண்டுதல் இருக்கு. மத்தேயு 6ஆம் அதிகாரத்துல அந்த ஜெபம் முடிஞ்ச உடனே, 14, 15 வசனங்கள்ல, இயேசு அதை இன்னும் அழுத்திச் சொல்றார். நீ மன்னிச்சா உனக்கும் மன்னிப்பு, நீ மன்னிக்கலைன்னா உனக்கும் இல்லை. எங்களை மாதிரி ஆட்களுக்கு இதைப் படிச்சதும் இஃப்-எல்ஸ் மாதிரிதான் தெரியும். மன்னிப்பை உள்ள போட்டா இரட்சிப்பு வெளிய வரும். அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. அதே மத்தேயு 18ஆம் அதிகாரத்துல ஒரு கதை இருக்கு. எத்தனை தடவை மன்னிக்கணும், ஏழு தடவையான்னு பேதுரு கேட்கிறார். பதிலுக்கு இயேசு ஒரு ராஜா கதையைச் சொல்றார். ஒரு வேலைக்காரன் ராஜாவுக்கு 10,000 தாலந்து கடன்பட்டிருக்கான். கட்ட முடியல, கால்ல விழுறான். ராஜா மனசு இரங்கி மொத்தக் கடனையும் தள்ளுபடி பண்ணிடுறார். வெளிய வந்தவன், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய இன்னொரு வேலைக்காரனைப் பார்க்கிறான். கழுத்தைப் பிடிச்சு நெரிச்சு, ஜெயில்ல போட்டுடுறான்.

இதை நம்ம ஊர்க் கணக்குல போட்டுப் பார்ப்போம். ஒரு தெனாரியம்கிறது ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். இன்னைக்கு நாள் கூலி 700 ரூபாய்னு வச்சுக்கோங்க. அவனுக்கு வரவேண்டியது 70,000 ரூபாய். சின்னத் தொகை இல்லை, ஒரு பழைய பைக் வாங்கலாம். ஆனா அவன் ராஜாவுக்குத் தரவேண்டியது 6 கோடி நாள் கூலி, அதாவது 4,200 கோடி ரூபாய். வருஷத்துக்கு 300 நாள் வேலை பார்த்தாலும் இதைச் சம்பாதிக்க 2 லட்சம் வருஷம் ஆகும். எந்தக் காலத்துலயும் கட்ட முடியாத கடன்.

இந்தக் கதையில எது முதல்ல நடக்குதுன்னு கவனிங்க. வேலைக்காரன் யாரையோ மன்னிச்சான், அதனால ராஜா அவனை மன்னிச்சாருன்னு கதை போகல. ராஜா மன்னிச்சது முதல்ல. அவன் இன்னொருத்தனை மன்னிச்சிருக்க வேண்டியது அதுக்கப்புறம். கிறிஸ்தவ நம்பிக்கையோட அடிப்படை வரிசை இதுதான். 70,000 ரூபாயைத் தள்ளுபடி பண்ணி 4,200 கோடியைத் தீர்க்க முடியாது. அப்போ 'நான் மன்னிச்சிட்டேன், அதனால எனக்கு இரட்சிப்பு பாக்கி'ன்னு கடவுள்கிட்ட பில் நீட்டவும் முடியாது.

சிலுவையில இயேசுவுக்குப் பக்கத்துல தொங்கின குற்றவாளியை எடுத்துக்கோங்க. லூக்கா 23ல வர்றான். தன் தப்பை ஒத்துக்கிறான், என்னை நினைச்சுக்கோங்கன்னு கேட்கிறான். அவன் யார் யாரை மன்னிச்சான்னு ஒரு பட்டியலும் அங்க இல்லை. அன்னைக்கே அவனுக்குப் பரதீசு வாக்கு கிடைக்குது. பவுலும் எபேசியர் 2ஆம் அதிகாரத்துல, இரட்சிப்பு கிருபையால விசுவாசத்தைக் கொண்டு வர்ற ஈவு, செயல்களுக்குக் கூலி இல்லைன்னு எழுதுறார். மன்னிப்பும் ஒரு செயல்தானே.

சபைகளுக்குள்ள இதுல வித்தியாசம் உண்டு. புராட்டஸ்டண்ட் தரப்பு 'விசுவாசம் மட்டும்'னு சொல்லும். நல்ல செயல் அதோட கனி. கத்தோலிக்கத் தரப்புல ஞானஸ்நானம், ஒப்புரவு, அருளோட ஒத்துழைச்சு வாழுற வாழ்க்கை எல்லாத்துக்கும் இடம் உண்டு. ஆனா முதல் அடி எடுத்து வைக்கிறது கடவுளோட அருள்தான், அதை யாரும் சம்பாதிக்க முடியாதுன்னு 1547லயே திரெந்து சங்கம் சொல்லிடுச்சு. இந்த விஷயத்துல பல நூறு வருஷம் சண்டை போட்ட லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும், அடிப்படையில ஒத்துப்போறோம்னு 1999 அக்டோபர் 31ல ஜெர்மனியோட ஆக்ஸ்பர்க்ல கையெழுத்தும் போட்டாங்க.

அப்போ மன்னிக்காமலே இருந்துடலாமா? அதுவும் முடியாது. அதே கதையில, 100 தெனாரியத்துக்குக் கழுத்தை நெரிச்சவனை ராஜா திரும்பக் கூப்பிட்டு தண்டிக்கிறார். ஒரு சர்வர் ஓடுதுன்னா டேஷ்போர்டுல பச்சை விளக்கு எரியும். விளக்கு எரியுறதால சர்வர் ஓடல, சர்வர் ஓடுறதாலதான் விளக்கு எரியுது. விளக்குக்கு மட்டும் தனியா ஒயர் இழுத்து எரிய விட்டா சர்வர் ஓடிடாது. அதே சமயம் விளக்கு அணைஞ்சே கிடந்தா, உள்ள ஏதோ சரியில்லைன்னு அர்த்தம். மன்னிப்பு அந்த விளக்கு மாதிரி.

இது ஏட்டுல மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. 1999 ஜனவரி 22 நள்ளிரவை ஒட்டி, ஒடிசாவோட மனோகர்பூர் கிராமத்துல ஒரு வண்டிக்குள்ள தூங்கிக்கிட்டிருந்த கிரஹாம் ஸ்டெயின்ஸையும், அவரோட பையன்கள் பிலிப், திமோத்தி ரெண்டு பேரையும் ஒரு கும்பல் உயிரோட எரிச்சுது. பிலிப்புக்கு 10 வயசு, திமோத்திக்கு 6. கிரஹாம் ஆஸ்திரேலியாக்காரர். பல வருஷமா மயூர்பஞ்ச்ல தொழுநோயாளிகளுக்கு வேலை செஞ்சவர். கொன்னவங்களை மன்னிச்சிட்டேன்னு அவரோட மனைவி கிளாடிஸ் சொன்னாங்க. அடுத்த சில வருஷங்கள் அங்கேயே இருந்து அந்த வேலையைத் தொடர்ந்தாங்க. 2005ல பத்மஸ்ரீ கிடைச்சுது.

ஆனா வழக்கு நின்னுடல. முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003ல மரண தண்டனை, 2005ல உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையா குறைச்சது, 2011ல உச்ச நீதிமன்றம் அதை உறுதி செஞ்சது. மன்னிப்பு வேற, குற்றத்துக்கான விளைவு வேறங்கிறதுல கிளாடிஸ் தெளிவா இருந்தாங்க.

இன்னொரு சம்பவம். கேரளாவைச் சேர்ந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்துல ஏழை விவசாயிகளுக்காக வேலை செஞ்சவங்க. 1995 பிப்ரவரி 25ல, ஓடுற பஸ்ஸை நிறுத்தி அவங்களைக் குத்திக் கொன்னவர் சமந்தர் சிங். 2002ல ராணி மரியாவோட சொந்தத் தங்கச்சி, அவங்களும் கன்னியாஸ்திரீ, ஜெயிலுக்குப் போய் அவர் கையில ராக்கி கட்டினாங்க. கொலை நடந்து ஏழு வருஷம் கழிச்சு. 2017 நவம்பர் 4ல இந்தூர்ல ராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தப்போ, சமந்தர் சிங்கும் அங்க இருந்தார்.

இந்த ரெண்டு குடும்பமும் மோட்சத்துக்கு டிக்கெட் எடுக்கவா மன்னிச்சாங்க? தாங்க ஏற்கனவே மன்னிக்கப்பட்டவங்கன்னு நம்பினாங்க. அந்த நம்பிக்கை, செத்தாலும் முடியாதுன்னு தோணுற ஒண்ணைச் செய்ய வச்சுது.

இப்போ பயந்து கேட்கிறவருக்கு வர்றேன். 'மன்னிக்கலைன்னா நரகம்'கிற மிரட்டல் எங்க அதிகம் பயன்படுதுன்னு பாருங்க. அடி வாங்குற மனைவிகிட்ட, சின்ன வயசுல தப்பா தொடப்பட்ட பிள்ளைகிட்ட, ஏமாத்தப்பட்ட தம்பிகிட்ட. 'மன்னிச்சிடும்மா, வெளிய சொல்லாத.' அந்த வசனத்துக்கு இது அர்த்தமே இல்லை. லூக்கா 17ல, தப்பு செஞ்சவனைக் கண்டிச்சுச் சொல்லு, மனம் மாறினா மன்னிச்சிடுன்னு இருக்கு. கண்டிக்கிறதும் அதே வசனத்துலதான் வருது. பழிவாங்காம விடுறது மன்னிப்பு. திரும்பவும் அதே வீட்டுக்குப் போய் அடி வாங்கு, புகாரை வாபஸ் வாங்குன்னு அது கேட்கல. கிளாடிஸ் மன்னிச்சதால கோர்ட் கதவு மூடிடலையே. இன்னைக்கு முடியலைன்னா, 'முடியல, உதவி பண்ணும்'னு கேட்கிறதும் அந்த நம்பிக்கைக்குள்ள ஜெபம்தான்.

நிம்மதிக்காகக் கேட்டவருக்கு என்ன சொல்றது? கிறிஸ்துவை அறியாமலே, மனசார எல்லாரையும் மன்னிச்சு வாழ்ந்த ஒருத்தர்? தன் தப்பு இல்லாம நற்செய்தியை அறியாதவங்க, நேர்மையா கடவுளைத் தேடி மனசாட்சிப்படி வாழ்ந்தா, அவங்களுக்கும் மீட்பு கிடைக்கலாம்னு 1964ல இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லுச்சு. பல சுவிசேஷ சபைகள் இதை ஏத்துக்கிறதில்லை. ஆனா வத்திக்கானும்கூட, அதைச் செய்றது கடவுளோட அருள்னுதான் சொல்லுது, அந்த ஆளோட மன்னிப்புக் கணக்குன்னு சொல்லல.

அதனால பதில்: போதாது. ஆனா தேவையில்லைன்னும் அர்த்தம் இல்லை. இரட்சிப்பை வாங்குற காசு இல்லை மன்னிப்பு, வாங்கினவன் கையில தெரியுற மாற்றம். நீங்க கிறிஸ்தவரோ இல்லையோ, ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. நம்மள யாரெல்லாம், நாம கேட்காமலே, நமக்குத் தெரியாமலே மன்னிச்சு விட்டிருக்காங்க? அந்தப் பட்டியலைப் போட்டுப் பார்த்தா, நமக்கு வரவேண்டிய 100 தெனாரியம் கொஞ்சம் சின்னதா தெரியும்.

மாத்துக் கருத்து இருந்தா கண்டிப்பா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல எடுத்துப் பேசலாம்.